இரண்டாம் இறுக்கு

சகலை என்ற உறவைக் கண்டுபிடித்தவர் நன்றாக யோசித்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ரத்த சம்பந்தம் கிடையாது, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்ததும் கிடையாது. இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் பெண் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்டோமே என்ற ஒட்டுதலில் சிலர் கூடப் பிறந்தவர்களைவிட நெருக்கமாகிவிடுகிறார்கள். கெட்டிக்கும் அவன் சகலைக்கும் அப்படித்தான் ஆயிற்று. பதினோரு வருஷம் ஒரே வண்டியில் வேலை. சகலை மூத்தவளைக் கட்டியவர், டிரெய்லர் டிரைவர். கெட்டி இளையவளைக் கட்டியவன், டிரெய்லரில் ஏறுகிற இயந்திரங்களைச் சங்கிலி போட்டுக் கட்டுகிறவன். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே சகலைதான். அந்த நன்றி கெட்டிக்கு எப்போதும் உண்டு, சகலை மறந்த நாளிலும் இவன் மறக்கவில்லை.

கெட்டி என்பது டிரெய்லர்கள் நிற்கிற யார்டில் வைத்த பெயர். அவன் கட்டினால் கட்டியதுதான், அசையாது என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் ஆரம்பித்து வைத்தார். பிறகு சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவன் கெட்டியாகிவிட்டான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், கேட்க எளிதாகத்தான் இருக்கும். டிரெய்லர் மேடையில் புல்டோசர் ஏறி நிற்கிறது என்று வையுங்கள். இருபது டன். நாலு மூலைக்கு நாலு சங்கிலி. முன்னால் இருக்கிற இரண்டும் புல்டோசரை முன்பக்கமாக இழுக்க வேண்டும், பின்னால் இருக்கிற இரண்டும் பின்பக்கமாக இழுக்க வேண்டும். நாலு பேர் நாலு பக்கம் பிடித்து இழுத்தால் நடுவில் இருப்பவன் எங்கும் போக முடியாது, கல்யாணம் ஆனவனுக்கு இதை விளக்கவே வேண்டாம் என்பது சகலை பத்து வருஷமாகச் சொல்லிவந்த ஜோக். சங்கிலியை மாட்டிய பிறகு அதில் பைண்டரைப் போடுவார்கள். இரண்டு முனையிலும் கொக்கி, நடுவில் திருகு, ஒரு நீளமான கைப்பிடி. கைப்பிடியை ஆட்ட ஆட்டச் சங்கிலி விறைத்துக்கொண்டே போகும். கெட்டி கடைசியில் ஒரு சின்னச் சுத்தியலால் சங்கிலியைத் தட்டிப் பார்ப்பான். சத்தம் எப்படி வர வேண்டும் என்பது அவன் காதுக்குத் தெரியும்.

அதோடு முடியவில்லை. வண்டி கிளம்பி அரைமணி நேரம் குலுங்கியதும் மேலே இருக்கிற இயந்திரம் கொஞ்சம் அமுங்கி உட்காரும். அது உட்கார்ந்தால் சங்கிலி தளரும். அதனால் ஓரிடத்தில் நிறுத்தி, சுற்றி வந்து, நாலு பைண்டரையும் மறுபடி முறுக்கியாக வேண்டும். இதற்குப் பெயர் இரண்டாம் இறுக்கு. கட்டியவன்தான் அதையும் செய்ய வேண்டும், செய்துவிட்டுத் தாளில் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி விதி அப்படி.

விதி எழுதியவர்களுக்கு என்ன, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். புல்டோசர் மாதிரி அகலமான சுமை போனால் முன்னால் ஒரு பிக்கப் வண்டி சிவப்புக் கொடியோடு வழிகாட்டிப் போக வேண்டும். அதை ஓட்டுவதும் கெட்டிதான். இரண்டாம் இறுக்குக்கு நிறுத்தினால், டிரெய்லர் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். கெட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு வளைவு வரை நடந்துபோய் எதிரே வருகிற வண்டிகளை மறிக்க வேண்டும். ஒரே ஆள் அங்கேயும் இங்கேயும் இருக்க முடியாது. ஆகையால் பின்னால் இறங்கிப் பைண்டர் முறுக்குவது சகலை. முறுக்கி முடித்ததும் வாக்கிடாக்கியில் இரண்டே சொல் வரும்: "நாலும் நாலு." நாலு சங்கிலியும் நாலு மூலையில் விறைப்பாக இருக்கிறது, கிளம்பு என்று அர்த்தம். அதற்கு மேல் கெட்டி எதையும் கேட்க மாட்டான். திரும்ப நடந்துவந்து தானும் ஒரு தடவை பார்க்கலாம்தான். பார்த்தால் சகலையை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

தாள்களையும் அப்படியே சமாளித்தார்கள். தாள் டிரெய்லர் கேபினில் இருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவன் பிக்கப்பில் இருப்பான். ஒவ்வொரு தடவையும் இதற்காக ஓடுவானேன் என்று சகலைதான் வழி சொன்னார். மாதம் பிறந்ததும் முப்பது தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கெட்டி மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். வீட்டில் எழுத்து நன்றாக இருப்பது அவன் மனைவிக்கு. மேலே பெயர், வேலை அனுமதி அட்டையின் எண், வண்டி எண் எல்லாம் அவள்தான் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதுவாள். கீழே இரண்டாம் இறுக்குக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அதை அன்றன்றைக்குச் சகலை தன் கோழிக் கிறுக்கலில் நிரப்புவார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்கிறோம் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

அன்றைக்குக் கல்குவாரியில் ஏற்றினார்கள். ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. புல்டோசரின் இரும்புப் பட்டைகளுக்குள் சேறு திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. கெட்டி கடப்பாரையால் கால்மணி நேரம் குத்திக் குத்தி எடுத்தான். குவாரி மேஸ்திரி இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாம் தரம் எல்லோரும் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"விடு சகலை, போற வழியில தானா உதிர்ந்துடும்," என்றார் சகலை.

"உதிர்ந்தா மெஷின் எறங்கும், சங்கிலி தொங்கும். இன்னைக்கு ரெண்டாம் இறுக்குல கொஞ்சம் நின்னு பாத்துடுங்க. முக்கியமா பின்னாடி வலது பக்கம், அங்கதான் சேறு ஜாஸ்தி."

"நேத்து வேலைக்கு வந்தவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றியே."

கெட்டி சிரித்தான். நாலு சங்கிலியையும் போட்டு, முறுக்கி, கைப்பிடிகளைக் கம்பியால் கட்டி, சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் பிக்கப்பில் ஏறினான்.

தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு முன்னால் ரோடு அகலமாக இருக்கும். வழக்கமாக அங்கேதான் நிறுத்துவார்கள். கெட்டி கொடியோடு வளைவு திரும்பி நின்றான். எதிரே ஒரு எண்ணெய் டேங்கர் வந்தது, மறித்தான். டேங்கர் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "உங்க ஊர்வலம் எப்ப முடியும்?" என்று கேட்டார். கெட்டி பத்து நிமிஷம் என்றான். நாலே நிமிஷத்தில் வாக்கிடாக்கி பேசியது. நாலும் நாலு. கெட்டிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, சேறு உதிரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிக்கப்புக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். இறக்கத்தில் ஒரு இடது திருப்பம். பின்னால் ஹாரன் நீளமாக அடித்தது, நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் புல்டோசர் மேடையில் கோணலாக நிற்கிறது, பின்பாகம் வலது பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கெட்டி பிரேக்கை மிதிப்பதற்குள், எதிரே ஓரமாக வந்துகொண்டிருந்த பால் வண்டியை அது இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரோடெல்லாம் பால். வண்டிக்குள்ளிருந்து பால்காரரை வெளியே எடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. எடுக்கிறவரைக்கும் அவர் கெட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ் வந்தது, கம்பெனி ஆட்கள் வந்தார்கள். விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் இறுக்கைச் செய்யாதவன் எவனோ அவன்மேல் வழக்கு வரும், அவன் அட்டையும் போகும் என்பது யார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அட்டை போனால் கெட்டியை எந்த யார்டிலும் ஒரு சங்கிலியைக்கூடத் தொட விட மாட்டார்கள். அவனுக்குத் தெரிந்த தொழிலே அது ஒன்றுதான்.

மறுநாள் சகலையும் மூத்தவளும் வீட்டுக்கு வந்தார்கள். சகலை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக நடுவில் காலை மடக்கிப் போட்டு உட்காருகிறவர்.

"பின்னாடி வலது பக்கம், நீங்க இறுக்குனப்போ எப்படி இருந்துச்சு?" என்று கெட்டி கேட்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சு. சங்கிலியில ஏதோ கொறை. அறுந்துருக்கும்," என்றார் சகலை, தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு.

பாவம், மனுஷன் ஆடிப்போயிருக்கிறார் என்று கெட்டி நினைத்தான். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. விசாரணையில் சேற்றையும் மேஸ்திரியின் அவசரத்தையும் முன்னால் நிறுத்தி, சகலை பெயர் அடிபடாமல் எப்படிப் பேசுவது என்று இவன் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அக்காவும் தங்கையும் வெகுநேரம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பேசுகிறார்கள், அதில் நமக்கு என்ன என்று விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பால்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை விசாரணைக்குச் சகலைதான் அவனைத் தன் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "என்கிட்ட நேத்தே கேட்டு முடிச்சுட்டாங்க. நீ தைரியமா பேசு," என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடி, சத்தம் போடாத குரல். மேஜைமேல் ஒரு சங்கிலி சுருண்டு கிடந்தது. பின்பக்க வலது சங்கிலி.

"ஒரு கண்ணிகூட அறுந்துபோகல. தளர்ந்து, கொக்கி கழண்டிருக்கு. ரெண்டாம் இறுக்கு செஞ்சிருந்தா கழண்டிருக்காது. ஏன் செய்யல?" என்று கேட்டார் அந்த அம்மா.

"செஞ்சாச்சுன்னு எனக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "என்னையா கேக்கறீங்க?"

"டிரைவர் வாக்குமூலம் இது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். இரண்டாம் இறுக்குக்கு நிறுத்தியபோது இறங்கிப் பைண்டர்களைப் பார்த்தது கட்டுநரான கெட்டிதான் என்றும், தான் கேபினிலேயே இருந்ததாகவும், சங்கிலி வேலையில் தான் ஒருநாளும் தலையிடுவதில்லை என்றும் அதில் இருந்தது.

கெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், சகலையைக் கூப்பிட்டுக் கேட்டால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நினைத்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைய தேதி, வண்டி எண், கீழே அவன் கையெழுத்து. இரண்டாம் இறுக்குக்கான கட்டம் நிரம்பியிருந்தது. காலை 7.20. தண்ணீர்த் தொட்டி வளைவு. இறுக்கியவர்: கட்டுநர். நான்கும் சரி.

அது சகலையின் கிறுக்கல் இல்லை. 'இறுக்கியவர்' என்பதில் வருகிற 'று'வின் வால் கீழே போய், வளைந்து, எழுத்தையே சுற்றிக்கொண்டு மேலே வந்து நின்றது. இந்த உலகத்தில் அப்படி 'று' எழுதுகிற ஒரே ஆளோடு அவன் பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. டிரைவர் எழுத்தில் இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மேலே இருக்கிற எழுத்தும் கீழே இருக்கிற எழுத்தும் ஒன்றாக இருந்தால், எல்லாவற்றையும் கெட்டியே எழுதினான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நல்ல மூளை. தலையில் கட்டுவது என்று சொல்கிறோமே, பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷன் அந்தக் கட்டை மட்டும் பிசகில்லாமல் கட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?" அந்த அம்மா இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா."

"அப்ப?"

"நாளைக்குச் சொல்றேனுங்க."

அந்த அம்மா தாளை உறையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணி. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா இந்தத் தாளத்தான் போலீஸுக்கு அனுப்பணும்," என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தான். மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தத் தாள்ல எழுதுனது நீயா?"

இல்லை என்று சொல்லுவாள் என ஒரு பைத்தியக்கார ஆசை அவனுக்குள் இருந்தது. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"ஆமா."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம. நீங்க அந்தப் பால்காரரப் பாக்கப் போனீங்கல்ல, அப்ப."

"சகலை கேட்டாரா?"

"அக்கா கேட்டா. அத்தான் கேபின்லேருந்து எடுத்து வச்சிருந்த தாள அவதான் கொண்டு வந்தா. அத்தான் வெளிய பைக்லதான் உக்காந்திருந்தாரு, உள்ள வரல."

"என்ன எழுதுறோம்னு தெரிஞ்சா எழுதுன?"

"தெரியாம எழுதுற அளவுக்கு நான் முட்டாளா?" என்றாள். குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "அத்தான் மேல ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு. இன்னொண்ணு வந்தா லைசென்ஸ் போய், உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களாம். உங்களுக்கு இது மொத தடவ. கண்டிச்சு விட்டுடுவாங்கன்னு சொன்னாங்க."

"யாரு, அவர் சொன்னாரா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். "அம்மா போனப்ப எனக்கு ஒம்பது வயசு. எனக்குத் தலை பின்னி, சோறு கட்டிக் குடுத்து, பள்ளிக்கூடம் அனுப்புனது அக்கா. அவ என் முன்னாடி வந்து அழுதா நான் என்னங்க பண்ணுவேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவீங்க."

இதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்று சொல்லியிருப்பான். சகலைக்காக அதையும் செய்திருக்கக்கூடிய ஆள்தான் அவன். மனசு விட்டு மூன்று பேரும் முன்னால் வந்து உட்கார்ந்து, எங்களைக் காப்பாற்று என்று கேட்டிருந்தால், அட்டையைத் தூக்கி மேஜைமேல் வைத்திருப்பான். அவர்கள் கேட்கவில்லை, அவன் வெளியே போன நேரம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அதை அவளிடம் சொல்லாமல் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"நீங்க தாங்கிப்பீங்க. அக்காவால முடியாது," என்றாள் அவள். ஆறுதலாகச் சொல்வதாகவே அவள் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்ன சொல்லப் போகிறோம் என்று அதுவரைக்கும் அவனுக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால் மனைவி மாட்டுவாள். சொல்லாவிட்டால் இவன் ஒழிந்தான். தெரு முனையிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் இதையேதான் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ரெண்டாம் இறுக்குக்கு நிறுத்தினப்ப நீங்க இந்தச் சங்கிலிகிட்ட போய்ப் பாத்தீங்களா?" என்று அந்த அம்மா நேரடியாகக் கேட்டார்.

மேஜையில் அதே சங்கிலி கிடந்தது. ஆமாம் என்றால், இதைக் கையால் தொட்டுப் பார்த்தேன், தளர்ந்திருந்தது, அப்படியே விட்டுவிட்டு வந்தேன் என்று அர்த்தம். ஒரு மனுஷன் காலை உடைத்த கட்டு என்னுடையது என்று அர்த்தம். வேறு எந்தப் பழியாக இருந்தாலும் அன்றைக்கு அவன் விழுங்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஒன்று மட்டும் அவன் வாயில் வரவில்லை.

"இல்லீங்க. நான் வளைவுல கொடி புடிச்சுட்டு நின்னேன். ஒரு எண்ணெய் டேங்கர மறிச்சேன், அந்த டிரைவரக் கேட்டா சொல்லுவாரு. பின்னாடி இறுக்குறது எப்பவும் டிரைவர்தான்."

"தாள்ல உங்க கையெழுத்து இருக்கே."

"மாசம் மொத நாளே முப்பது தாள்லயும் போட்டுக் குடுத்துடுவேன்."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "முப்பது தாள்லயும்," என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பிறகு, "சரி. இந்தக் கட்டத்துல எழுதினது?"

கெட்டி ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒருவர் தன் டிபன் பாக்ஸைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கழுவி முடித்து மூடி போட்டதும் சொன்னான்.

"என் வீட்டுக்காரி எழுத்து. ஞாயித்துக்கெழம எழுதுனது."

அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, நிரப்பிய தாளில் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். காலித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குற்றத்துக்கு அவன் அட்டை ஆறு மாதம் நிறுத்தம் என்றார். கால் உடைந்த வழக்கு டிரைவர் பக்கம் போகும். பொய்த் தாள் தயாரித்ததற்கு டிரைவரையும் விசாரிப்பார்கள், மனைவியையும் விசாரிப்பார்கள். "நீங்க உண்மையச் சொன்னது நல்லது," என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்கு அதில் ஒரு நல்லதும் தென்படவில்லை. அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு எழுந்தான்.

வெளியே பெஞ்சில் சகலை இருந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கெட்டியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன சொன்ன?"

"நடந்தத சொன்னேன்."

"எழுத்தப் பத்தி?"

"அதையும்தான்."

சகலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "கட்டுன பொண்டாட்டிய காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

பதினோரு வருஷத்தில் அவர் 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. யார் யாரைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்க கெட்டிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"எறங்கவே இல்லையா நீங்க?"

சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாலு நிமிஷத்துல கூப்பிட்டீங்க. வண்டிய விட்டு எறங்கவே இல்லைதானே? ஏன்?"

"கீழ முழங்கால் அளவுக்குச் சேறு," என்றார் சகலை. பிறகு என்ன நினைத்தாரோ, கோபம் இறங்கி, பழைய குரலிலேயே சொன்னார்: "நீ கட்டுன கட்டு எங்க அவுந்திருக்கு, சொல்லு? உன் கைய நம்பித்தான் நான் எறங்கல."

கேட்டதும் கெட்டிக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே அந்தப் பெருமையை நினைத்து வெட்கப்பட்டான். இந்த மனுஷன் நம்பியது உண்மை. அவ்வளவு நம்பியவனைத்தான் போலீஸுக்குத் தூக்கிக் கொடுக்கத் தாள் தயார் செய்தார். இரண்டும் ஒரே ஆளுக்குள் எந்தச் சண்டையும் இல்லாமல் குடியிருந்திருக்கின்றன.

"உள்ள கூப்பிடுறாங்க, போங்க டிரைவர்," என்றான். சகலை என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு இனிமேல் 'ர்' விகுதி போட எனக்கும் மனசில்லை. கெட்டி கடைசிவரை மரியாதை குறையாமல் பேசினான் என்பதற்காக நானும் போடுகிறேன்.

வெயில் ஏறியிருந்தது. கேட்டுக்கு வெளியே, வாடகை வண்டி ஒன்றிலிருந்து அக்காவும் தங்கையும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் அழுது முகம் வீங்கியிருந்தாள். கெட்டியைப் பார்த்ததும் அவள் வண்டியின் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டாள். மனைவி மட்டும் அவனை நோக்கி வந்தாள். வேகமாக வந்தாள், கிட்டத்தட்ட ஓட்டம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இப்படித் தன்னை நோக்கி ஓடி வந்து அவன் பார்த்ததில்லை. உள்ளே நடந்த அத்தனைக்கும் பிறகும், கேட்கட்டும், அழட்டும், நாலு திட்டுகூடத் திட்டட்டும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவன் மனசு இளகத் தொடங்கியிருந்தது.

அவள் மூச்சு வாங்க அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அத்தான என்ன பண்ணுனாங்க?" என்றாள்.

கெட்டி அவளைப் பார்த்தான்.

"உள்ளதான் இருக்காரு. அடுத்து உன்னையும் கூப்பிடுவாங்க," என்றான். "எனக்கு ஆறு மாசம் வேல இல்ல. நீ கேக்கல, நானா சொல்றேன்."

வண்டிப் பக்கமிருந்து அக்கா அவளைக் கூப்பிட்டாள். அவள் ஒரு தடவை அவனைப் பார்த்தாள், பிறகு திரும்பி அக்காவிடம் போனாள்.